அறுபதாம் பக்கத்தில் நின்றுபோன வைரம்

கேள்வி: அப்பா பல்வந்த் சௌக் பழைய புத்தகக் கடையில் வில்கி காலின்ஸின் ‘மூன்ஸ்டோன்’ வாங்கினேன். வைரம் தொலைவதற்குள் அந்தக் கிழ வேலைக்காரர் ஊர்க்கதையெல்லாம் பேசுகிறார். அறுபது பக்கத்தோடு மூடிவிட்டேன். மறுபடி எடுக்கலாமா?
– ஒரு வாசகி, கோத்ரூட், புனே

பதில்: அவசியம் எடுங்கள். நானும் கல்லூரி நாளில் அதே கிழ வேலைக்காரர் பெட்டரெட்ஜிடம் பொறுமை இழந்து மூடியவன்தான். பல வருஷம் கழித்து டெக்கான் குவீனில், லோணாவளா தாண்டி மலைச்சரிவில் ரயில் மெல்ல இறங்கும்போது திரும்பப் பிரித்தேன். மனிதர் ஆறு ‘ராபின்சன் குரூசோ’ பிரதிகளைப் படித்துப் படித்தே கிழித்தவர். ஏழாவதை எஜமானியம்மா பரிசாகத் தந்திருக்கிறார். மனசு சரியில்லையென்றால் அதில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்துக் குறி பார்ப்பார்! அவரை நேசிக்கத் தொடங்கினால் துப்பு தானாக வரும்.

இந்த நாவல் 1868-இல் டிக்கன்ஸின் பத்திரிகையில் வாராவாரம் வந்த தொடர். ஒரே மூச்சில் விழுங்க எழுதியதல்ல. தினம் ஓர் அத்தியாயம் போதும். கதைசொல்லி மாறிக்கொண்டே இருப்பார். ஒவ்வொருவருக்கும் தெரிந்தது கொஞ்சம்தான். ரோஜாச் செடி மேல் பைத்தியமான துப்பறிவாளர் சார்ஜென்ட் கஃப் வந்ததும் வேகம் பிடித்துவிடும்.

இன்னொன்று: 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை வீழ்ந்தபோது கொள்ளைபோன வைரம் அது. அதைத் தேடி வரும் மூன்று இந்தியர்களை விடாமல் கவனியுங்கள். எனக்கு அவர்கள்தான் கதையின் உயிர்.