தண்ணீர் கொட்டினாலும் வறண்ட கண்தான்

கேள்வி: எனக்கு 47 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, 18 வருடமாக. காலையிலிருந்து டியூப் லைட்டுக்கு அடியில் பீஸ் பீஸாகக் கறை, ஓட்டை, தையல் பார்க்க வேண்டும். மூன்று மணிக்கு மேல் கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தலும் எரிச்சலும் ஆரம்பித்துவிடும். வெள்ளைத் துணி வருகிற நாளில் இன்னும் மோசம். வேலை விட்டு வண்டியில் போகும்போது கண்ணீர் தாரையாகக் கொட்டும். ஓரமாக நிறுத்தித் துடைத்துவிட்டுத்தான் போகிறேன். மெடிக்கலில் கேட்டு இரண்டு வருடத்தில் மூன்று விதமான சொட்டு மருந்து வாங்கி விட்டுப் பார்த்தேன். விட்டதும் சிவப்பு போகும், நாலு நாளில் திரும்ப வந்துவிடும். போன மாதம் கண் டாக்டரிடம் போனபோது, "கண் வறண்டு போயிருக்கிறது" என்று ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். தண்ணீர் கொட்டுகிற கண்ணை வறண்ட கண் என்கிறாரே, சரியாகத்தான் பார்த்தாரா? அம்மா விளக்கெண்ணெய் விடச் சொல்கிறார். பக்கத்து டேபிள் அக்கா பொன்னாங்கண்ணிக் கீரை சாப்பிடச் சொல்கிறார். பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாமல் தினமும் செட்ரிசின் போடுகிறேன். பிரஷருக்கும் மாத்திரை உண்டு.
— வாசகி, திருப்பூர்

கண் மருத்துவர் பதில்: சரியாகத்தான் பார்த்திருக்கிறார். உங்கள் சந்தேகத்திலும் தப்பில்லை. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கேள்வியைக் கேட்காமல் எழுந்து போனதில்லை. கேட்காமல் போகிறவர்கள் மருந்தையும் வாங்காமல் போய்விடுகிறார்கள்.

கண்ணீர் என்பது வெறும் உப்புத் தண்ணீர் இல்லை. கருவிழியின் மேல் அது ஒரு படலமாகப் படிந்திருக்கிறது. அடியில் வழவழப்பான ஒரு பசை, அதன் மேல் தண்ணீர், எல்லாவற்றுக்கும் மேலே மிக மெல்லிய எண்ணெய். அந்த எண்ணெய்தான் தண்ணீர் ஆவியாகாமல் காக்கிறது. அது குறைந்தால் படலம் அங்கங்கே கிழிந்து கருவிழி காற்றில் காய்கிறது. காய்ந்த இடத்தில் எரிச்சல். எரிச்சல் தெரிந்ததும் கண்ணீர்ச் சுரப்பி பதறிப்போய்க் குடம் குடமாகக் கொட்டுகிறது. வெங்காயம் நறுக்கும்போது வருவதும் இதே அவசரத் தண்ணீர்தான். அதில் எண்ணெயும் பசையும் போதாது. கன்னத்தில் வழிந்து போகுமே தவிர கண்ணில் தங்காது. வண்டியில் எதிர்க்காற்று அடிக்கும்போது உங்களுக்கு நடப்பது இதுதான்.

அந்த எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் மருத்துவம் பாதி புரிந்துவிடும். கண்ணாடியில் கிட்டப் போய் இமை விளிம்பைப் பாருங்கள். முடி முளைத்திருக்கும் வரிசைக்குச் சற்று உள்ளே, ஊசி முனையால் குத்திய மாதிரி வரிசையாகச் சிறு புள்ளிகள் இருக்கும். அவை எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள். 1666இல் ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிக் மைபோம் இவற்றை விவரித்து எழுதியதால் மைபோமியன் சுரப்பிகள் என்கிறோம். மேல் இமையிலும் கீழ் இமையிலும் இருபது முப்பதுக்குக் குறையாமல் இருக்கும். இமைக்கிற ஒவ்வொரு தடவையும் இவை பிழியப்பட்டு எண்ணெய் கசிகிறது.

நல்ல இமையை விரலால் லேசாக அழுத்தினால், நுண்ணோக்கியில் தெளிந்த எண்ணெய் துளியாக வருவது தெரியும். உங்களைப் போன்றவர்களுக்கு அழுத்தினால் பேஸ்ட் மாதிரி வெள்ளையாகத் திரண்டு வரும். சிலருக்கு வரவே வராது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழாதே, அந்த நிலை. பாட்டிலில் எண்ணெய் இருக்கிறது, உறைந்து கிடக்கிறது. அப்போது என்ன செய்வோம்? வெயிலில் வைப்போம்.

இமைக்கும் அதே வைத்தியம். சுத்தமான பருத்தித் துணி, பொறுக்கிற சூடுள்ள தண்ணீர் (மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள், சுடக் கூடாது). உங்கள் ஊரில் பனியன் துணிக்குப் பஞ்சமா என்ன! நனைத்துப் பிழிந்து மூடிய இமை மேல் வையுங்கள். துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும்; திரும்ப நனைத்து வைக்க வேண்டும். எட்டுப் பத்து நிமிடம் சூடு விடாமல் இருந்தால்தான் எண்ணெய் இளகும். ஒரு தடவை ஒற்றிவிட்டு "ஒத்தடம் கொடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்கிறவர்கள்தான் அதிகம். இளகியதும் விரல் நுனியால் மேல் இமையை மேலிருந்து கீழாகவும், கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும் முடி வரிசையை நோக்கி மெதுவாக நீவி, ஈரத் துணியால் விளிம்பைத் துடைத்துவிடுங்கள். கண் உருண்டையை அழுத்த வேண்டாம். ஒரு மாதம் காலையும் இரவும், பிறகு தினம் ஒரு வேளை. நாலைந்து வாரம் ஆகாமல் பலன் தெரியாது. பல வருடம் அடைத்தே கிடந்த சுரப்பி சுருங்கி மறைந்துவிடும். மறைந்தது திரும்ப முளைக்காது. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். மை இடும் பழக்கம் இருந்தால் இமை விளிம்பின் உள்பக்கம் இடாதீர்கள். அந்த வாய்களை நாமே அடைப்பதுதான் அது.

அடுத்தது இமைப்பது. சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது நிமிடத்துக்குப் பதினைந்து தடவைபோல இமைக்கிறோம். கூர்ந்து பார்க்கும்போது அது ஐந்து, ஆறாகக் குறைந்துவிடும். அந்த ஐந்திலும் பாதி அரைகுறை. மேல் இமை பாதி வழி வந்து திரும்பிவிடும். கம்ப்யூட்டர்காரர்களுக்கு மட்டும் வரும் நோய் இது என்று நினைக்கிறார்கள். வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் அறுந்திருக்கிறதா என்று பார்ப்பதைவிடக் கூர்மையான வேலை எது? தங்க நகை ஆசாரி, பூ கட்டுகிறவர், விடைத்தாள் திருத்துகிற ஆசிரியர் எல்லோரும் இந்தக் கணக்கில் வருவார்கள்.

இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை, இருபது அடி தள்ளி, இருபது விநாடி பாருங்கள் என்று ஒரு விதி சொல்வார்கள். நல்ல விதிதான். டார்கெட் ஓடுகிற இடத்தில் அதைச் சொன்னால் சூப்பர்வைசர் என்னைத்தான் தேடி வருவார். நீங்கள் வேறு விதமாகச் செய்யலாம். ஒரு பீஸைப் பார்த்து மடித்து அடுக்கில் போடுகிறீர்களே, அந்தக் கணத்தில் கண்ணுக்கு வேலை இல்லை. அப்போது இரண்டு இமையும் ஒட்டும்படி மெதுவாக மூடித் திறங்கள். கை நிற்க வேண்டியதில்லை, கணக்கும் குறையாது. மாத்திரை என்ற கால அளவுக்குத் தொல்காப்பியர் சொன்ன அளவுகோல் கண்ணிமைப்பதும் கை நொடிப்பதும். நான் உங்களுக்கு எழுதித் தருகிற முதல் மாத்திரையும் அதுதான். கடையில் கிடைக்காது.

பக்கத்தில் ஸ்டாண்டு ஃபேன் முகத்துக்கு நேராக ஓடுகிறதா? அதை முழங்கால் உயரத்துக்குத் திருப்பச் சொல்லுங்கள். வண்டியில் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டுங்கள்.

இப்போது அந்த மூன்று பாட்டில்கள். எனக்குக் கவலை அதில்தான். மருந்துக் கடையில் "கண் சிவந்திருக்கு" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு ரகம் கிடைக்கும். ஒன்று ரத்தக் குழாயைச் சுருக்குவது. நாஃபசோலின் அந்த வகை. விட்டதும் கண் பளிச்சென்று வெளுக்கும். வேகம் தீர்ந்ததும் குழாய்கள் முன்னைவிட விரிந்து இன்னும் சிவக்கும். மறுபடி விடுவோம், மறுபடி சிவக்கும். நீங்கள் சொல்கிற நாலு நாள் கதை இதற்கு அப்படியே பொருந்துகிறது. இன்னொன்று ஸ்டீராய்டு கலந்தது. டெக்சாமெத்தசோன் என்று லேபிளில் இருக்கும், ஆன்டிபயாட்டிக்கோடு சேர்ந்து வரும். டாக்டர் சொன்ன சில நாளுக்கு அது அருமையான மருந்து. மாதக் கணக்கில் விட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறி, வலியே இல்லாமல் பார்வை நரம்பு அழியும், புரையும் விழும். கண் எரிச்சலுக்கு மருந்து விட்டுப் பார்வையைத் தொலைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நரம்பு போனால் போனதுதான்.

டாக்டர் எழுதிக் கொடுத்தது செயற்கைக் கண்ணீராக இருக்கும். கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் அல்லது சோடியம் ஹைலுரோனேட் என்று பார்த்தால் தெரியும். பயப்பட வேண்டாம், பழக்கமாகிவிடாது. எரிந்த பிறகு விடுவது குழம்பு அடிப்பிடித்த பிறகு தண்ணீர் ஊற்றுவது மாதிரி. வேலைக்குப் போகுமுன், சாப்பாட்டு இடைவேளையில், மூன்று மணிக்குள், தூங்கும் முன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சொட்டு போதும். கண் கொள்கிற அளவே ஒரு சொட்டுக்கும் குறைவு. இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான். வேறு மருந்தும் விட வேண்டியிருந்தால் ஐந்து நிமிடம் பொறுத்து விடுங்கள். ஒரு நாளைக்கு நாலைந்து தடவைக்கு மேல் தேவைப்பட்டால் பதப்படுத்தும் பொருள் சேர்க்காத மருந்தாகக் கேளுங்கள். பென்சல்கோனியம் என்ற பதப்படுத்தும் பொருள் அடிக்கடி பட்டால் அதுவே கண்ணை உறுத்தும். சாதாரண பாட்டிலைத் திறந்து ஒரு மாதம் ஆகிவிட்டால், பாதி இருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

அம்மா சொல்வதை நான் சிரித்துத் தள்ள மாட்டேன். விளக்கெண்ணெயைப் பால்போலக் கரைத்துச் சேர்த்த கண் மருந்துகள் உண்மையிலேயே உண்டு. குறைவது எண்ணெய் என்று அந்தக் காலத்தவர்களுக்குக் கை அனுபவத்தில் தெரிந்திருக்கலாம். ஆனால் அந்த மருந்து கிருமி நீக்கிய இடத்தில் தயாராவது. 2023இல் அமெரிக்காவில் விற்ற செயற்கைக் கண்ணீர் ஒன்றில் எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் எளிதில் மசியாத பாக்டீரியா கலந்து சிலர் பார்வை இழந்தார்கள், சிலர் உயிரையே இழந்தார்கள். அது தயாரானது சென்னைக்குப் பக்கத்தில். தொழிற்சாலையிலேயே இப்படி நேரும் என்றால் சமையலறை அலமாரி பாட்டிலை எப்படி நம்புவது? தாய்ப்பால், தேன், பன்னீர், பூச்சாறு எல்லாவற்றுக்கும் இதே பதில்.

பொன்னாங்கண்ணியைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், நல்ல கீரை. வைட்டமின் ஏ குறைந்த குழந்தைகளுக்கு மாலைக்கண்ணும் ஒரு வகைக் கண் வறட்சியும் வரும். கீரையின் புகழ் அங்கிருந்து வந்திருக்கலாம். உங்கள் இமை அடைப்பைக் கீரை திறக்காது. மீன் எண்ணெய் மாத்திரையும் அப்படித்தான்: 2018இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 500க்கு மேற்பட்டவர்களை ஒரு வருடம் பார்த்தார்கள், மீன் எண்ணெய் எடுத்தவர்களுக்கும் ஆலிவ் எண்ணெய் எடுத்தவர்களுக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அந்தக் காசுக்கு மீனே வாங்கிச் சாப்பிடலாம்.

செட்ரிசின் மூக்கைக் காய வைக்கிற மாதிரி கண்ணையும் காய வைக்கும். தினமும் தேவைதானா என்று கொடுத்தவரிடம் கேளுங்கள். துணித் தூசிக்கு மாஸ்க் போட்டால் மாத்திரை குறையக்கூடும். பிரஷர் மாத்திரைகளில் சில வறட்சியைக் கூட்டும், ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாதவிடாய் நிற்கிற வயதும் இதில் சேர்ந்துகொள்கிறது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். வாயும் வறள்கிறதா, முறுக்கு, பொரிகடலை எல்லாம் தண்ணீர் குடிக்காமல் விழுங்க முடியவில்லையா, விரல் மூட்டு வலிக்கிறதா? மூன்றும் சேர்ந்திருந்தால் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். ஷோக்ரென் என்று ஒரு நோய் இருக்கிறது, பெரும்பாலும் உங்கள் வயதுப் பெண்களுக்கு வருவது; ரத்தப் பரிசோதனை தேவைப்படும். ஒரு கண்ணில் மட்டும் ஓயாமல் நீர் வடிந்தால் மூக்குக்குப் போகும் கண்ணீர்க் குழாய் அடைப்பா என்று பார்க்க வேண்டும். கடுமையான வலி, வெளிச்சம் பார்க்க முடியாமை, பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. லீவு கிடைக்குமா என்று யோசிக்கக் கூடாது.

ஒரு மாதம் கழித்து அதே டாக்டரிடம் திரும்பப் போங்கள். போகும்போது மெடிக்கலில் வாங்கிய அந்த மூன்று பாட்டில்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், காலியாக இருந்தாலும் சரி. லேபிளைக் காட்டிவிட்டு, உங்கள் கண் அழுத்தத்தை அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.