பெயரை விட்டு நடந்த அம்மையார்

‘நடை’ என்ற சொல் தமிழில் பல பொருள் தருவது. காலால் நடப்பதும் நடை; ஒருவர் வாழும் ஒழுங்கும் நடை; எழுதுவோரின் பாங்கும் நடையே. இக்கட்டுரையில் முதற்பொருளையே கொள்கிறேன். ஆயினும் நான் எடுத்துக்கொண்ட அம்மையாரின் வரலாற்றில் முதற்பொருள் எங்கே முடிகிறது, இரண்டாம் பொருள் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்டுவது எளிதன்று.

அமெரிக்க நாட்டில் ‘பீஸ் பில்கிரிம்’ என்ற பெயரால் அறியப்பட்டவர் அவர். தமிழில் ‘அமைதி யாத்திரிகர்’ என்று சொல்லலாம். 1953ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாள், தம் நாற்பத்து நான்காம் வயதில், கலிபோர்னியா மாநிலத்துப் பாசடீனா நகரில் அவர் நடக்கத் தொடங்கினார். கையில் காசு இல்லை. உடன் வருவார் ஒருவரும் இல்லை. 1981இல் உயிர் நீங்கும் வரை, இருபத்தெட்டு ஆண்டுகள், அவ்வாழ்க்கையை அவர் விடவில்லை.

இவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இவரைத் துறவி என்று போற்றி அத்துடன் நின்றுவிடுகின்றனர். எனக்கு அது போதவில்லை. நடுவயதுப் பெண் ஒருவர் பணமின்றி, தனியே, ஒரு கண்டத்தைக் குறுக்கே நடந்து கடப்பது எவ்வாறு இயலும்? என்ன உண்டார்? எங்கே உறங்கினார்? உடைமையைத் துறந்தது பக்தி மட்டுந்தானா, அன்றி அதில் வழிநடைக்கு உரிய கணக்கு ஏதேனும் இருந்ததா? கணக்கும் இருந்தது என்பதே என் கருத்து. அதைத்தான் இங்கே ஆராய விழைகிறேன்.

1908ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 18ஆம் நாள், நியூ ஜெர்சி மாநிலத்தில் எக் ஹார்பர் சிட்டி என்னும் சிற்றூர்ப் பக்கம், சிறிய கோழிப்பண்ணை ஒன்றில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மில்ட்ரெட் நார்மன். தந்தை தச்சர், தாய் தையல் வேலை அறிந்தவர். இளமையில் நல்ல உடையிலும் கார் ஓட்டுவதிலும் விருப்பங்கொண்ட பெண்ணாகவே அவர் இருந்தார். 1933இல் மணம் புரிந்தார். கணவர் போர்ப்படையில் சேர்வதை அவர் மனம் ஏற்கவில்லை. 1946இல் மணமுறிவு ஏற்பட்டது. பிள்ளைகள் இல்லை.

1938இல் ஓரிரவு முழுதும் காட்டு வழியே தனியே நடந்தார் என்றும், தம் வாழ்வைப் பிறர்க்குப் பயன்படுத்துவது என அவ்விரவில் முடிவு செய்தார் என்றும் அவரே கூறியிருக்கிறார். அந்த இரவுக்கும் பாசடீனாவின் புத்தாண்டுக் காலைக்கும் இடையே பதினைந்து ஆண்டுகள் உள்ளன. நம் மூன்றாண்டுப் பட்டப் படிப்பைப் போல் ஐந்து மடங்கு! அக்காலம் முழுதும் அவர் தமக்கு வேண்டாதவற்றை ஒவ்வொன்றாகக் கழித்து வந்தார். ஊனுணவை விட்டார். வாரத்துக்குப் பத்து டாலரில் வாழப் பழகினார். முதியோர்க்குத் தொண்டு செய்தார். அமைதி இயக்கங்களில் ஊதியமின்றி உழைத்தார். ஒரு நாள் திடீரென எல்லாவற்றையும் எறிந்துவிட்டுப் புறப்பட்டவர் போல் இவரைச் சித்திரிப்போர் இப்பதினைந்து ஆண்டுகளை மறந்துவிடுகின்றனர். நாற்பத்து நான்கு வயதில் தொடங்கியது தாமதமன்று; அதற்கு முன் தொடங்கியிருக்க இயலாது என்றே எண்ணுகிறேன்.

உடற்பயிற்சி நிலையில் அவர் பெற்ற பாடம் 1952இல் வாய்த்தது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், தெற்கே ஜார்ஜியா மாநிலத்திலிருந்து வடக்கே மெய்ன் மாநிலம் வரை மலைமுகடுகளின் வழியே செல்வது அப்பலாச்சியன் நெடுந்தடம். பதினான்கு மாநிலங்களைத் தொட்டுச் செல்வது. நீளம் 2,000 மைலுக்கு மேல். 1937இல் இத்தடம் முழுமையுற்றது. முழுவதையும் ஒரே பருவத்தில் நடந்து முடித்த முதற் பெண்மணி நம் அம்மையாரே. ஆனால் அந்த நடையில் அவருக்கு ஆண் தோழர் ஒருவரின் துணை இருந்தது. அதே தடத்தை முதன்முதலில் தனியே நடந்து முடித்த பெண் என்னும் சிறப்பு 1955இல் எம்மா கேட்வுட் என்ற அறுபத்தேழு வயது மூதாட்டியைச் சேர்ந்தது. பதினொரு பிள்ளைகளைப் பெற்றவர். கொடுமை செய்த கணவரிடமிருந்து விடுபட்டவர். வீட்டில் உலாவச் செல்வதாக மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பி 146 நாள் நடந்தார். தாமே தைத்த துணிப்பையும், மழைக்குக் குளியலறைப் பிளாஸ்டிக் திரையும், காலில் கான்வாஸ் செருப்புமே அவர் கொண்டுசென்ற கருவிகள்.

இவ்விரு பெண்களின் மூட்டையையும் சற்று அவிழ்த்துப் பார்ப்பது பயன் தரும். 1952 நடையில் நம் அம்மையார் கொண்டுசென்றவை: உடுத்திய உடை, ஒரு கம்பளிச் சட்டை, ஒரு மெல்லிய போர்வை, பிளாஸ்டிக் விரிப்புகள். இரவில் குளிர் மிகுந்தால் விரிப்புகளின் இடையே உலர்ந்த இலைகளைத் திணித்துக்கொள்வார். இது வெறும் ஏழ்மையன்று; இயற்பியல். இலைகளின் இடுக்கில் சிறைப்படும் காற்று உடலின் வெப்பத்தை எளிதில் வெளியேற விடாது. விலையுயர்ந்த இறகுப் பைகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. உணவோ இன்னும் எளிது. காலையும் மாலையும் வேகவைக்காத ஓட்சைத் தண்ணீரில் ஊறவைத்துப் பழுப்புச் சர்க்கரை சேர்த்து உண்பார். நண்பகலில் பால்பொடியைக் கெட்டியாகக் கரைத்துக் குடிப்பார். வழியில் கிடைக்கும் கனியும் கொட்டையும் கீரையும் துணையுணவு. அடுப்பு இல்லை, எரிபொருள் இல்லை, பாத்திரம் துலக்கும் வேலையும் இல்லை. மலையேறும்போது சுமையில் குறையும் ஒவ்வொரு சேரும் முழங்காலுக்குச் செய்யும் உதவி. நாற்பதைக் கடந்த முழங்காலுக்கு இது நன்கு தெரியும்.

இந்தச் சுமைக்குறைப்பை அடுத்த ஆண்டு அவர் அதன் எல்லைவரை கொண்டுசென்றார். பாசடீனாவில் புத்தாண்டு நாளில் நடைபெறும் ரோசாமலர் ஊர்வலத்துக்குக் கூடியிருந்த மக்களிடையே துண்டுத்தாள் வழங்கியபடி அவர் நடையைத் தொடங்கியபோது, முதுகில் மூட்டையே இல்லை. நீல நிற மேலங்கி ஒன்று. அதன் கீழ்ப்பகுதியைச் சுற்றிலும் பைகள். அவற்றுள் ஒரு சீப்பு, மடக்கும் பல்துலக்கி, எழுதுகோல், துண்டுத்தாள்கள், வந்த கடிதங்கள். அவ்வளவே. அங்கியின் முன்புறம் ‘பீஸ் பில்கிரிம்’ என்ற எழுத்துகள். பின்புறம் அமைதிக்காகக் கடற்கரை முதல் கடற்கரை வரை நடக்கிறார் என்ற செய்தி. புகலிடம் தரப்படும் வரை நடப்பது, உணவு தரப்படும் வரை உண்ணாதிருப்பது, எதையும் தாமாகக் கேளாதிருப்பது என்பன அவர் மேற்கொண்ட நோன்புகள். பணம் கொடுத்தால் வாங்கமாட்டார்.

பட்டினியால் வாடினாரா என்றால், மூன்று நான்கு வேளைக்கு மேல் தொடர்ந்து உணவு தவறியது அரிது என்றே அவர் சொல்லியிருக்கிறார். அங்கிதான் அதற்குக் காரணம் என்பேன். தெருவில் செல்லும் அயலாரை அவர் அணுகவில்லை. அங்கியின் எழுத்துகளைப் படித்த அயலார் அவரை அணுகினர். கேள்வி கேட்டனர், பேச்சு வளர்ந்தது, பேச்சு நடுவில் ‘சாப்பிட்டீர்களா?’ என்ற வினாவும் பிறந்தது. இடம் கிடைக்காத இரவுகளில் பேருந்து நிலையங்களிலும், வைக்கோற் போரிலும், பாலத்தின் அடியிலும், சாலையோரத்திலும் உறங்கினார். கடுங்குளிர் இரவுகளில் உறங்காமல் நடந்துகொண்டே இருந்தார். நடக்கும் உடல் தானே வெப்பம் உண்டாக்கிக்கொள்ளும். அசையாது கிடப்பதே ஆபத்து.

பெயரையும் வயதையும் அவர் யார்க்கும் சொல்லவில்லை. செய்தியாளர்கள் வற்புறுத்தியும் சொல்லவில்லை. சொல்பவரை விடச் சொல்லப்படும் செய்தியே பெரிது என்பது அவர் தந்த விளக்கம். நான் இதற்கு மற்றொரு பயனும் காண்கிறேன். 1953 என்பது கொரியப் போர் நடந்துகொண்டிருந்த காலம். செனட்டர் மக்கார்த்தியின் அச்சுறுத்தல் உச்சத்தில் இருந்த காலம். அமைதி என்ற சொல்லே ஐயத்துக்கு இடமாயிருந்தது. எந்தச் சங்கத்தில் உறுப்பினர், யார் பணம் தருகிறார், யார் அனுப்பினார் என்ற வினாக்கள் எழும் காலத்தில், சங்கமும் பணமும் பெயரும் இல்லாதவரைப் பிடித்து உலுக்கினால் என்ன விழும்? ஒரு சீப்பு விழும்.

ஆயினும் பிடிக்கவே செய்தனர். தொழிலின்றித் திரிதல் என்ற குற்றம் அந்நாட்டு ஊர்ச் சட்டங்களில் இருந்தது. அதன்கீழ் அவர் சிறையில் வைக்கப்பட்டதும் உண்டு. இங்கே நம் நாட்டை ஒப்பிடுவது தகும். 1951 ஏப்ரல் 18இல் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் நிலக்கொடையாகிய பூதானத்தைத் தொடங்கிய வினோபா பாவேயும் ஐம்பத்தைந்து வயதில் நடக்கப் புறப்பட்டவர்தாம். ஆனால் நடந்துவரும் துறவிக்கு இங்கே சமுதாயம் முன்பே ஓர் இடம் வகுத்து வைத்திருந்தது. அமெரிக்காவில் கையில் காசின்றி நடப்பவரைக் குறிக்க இருந்த சொல் ‘வாக்ரண்ட்’ என்பதே. 1972இல்தான் ஜாக்சன்வில் நகரின் அத்தகைய விதி ஒன்றைத் தெளிவற்றது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. அதாவது அம்மையாரின் நடையில் முதல் பத்தொன்பது ஆண்டுகள் இத்தகைய சட்டங்களின் நிழலில் கழிந்தவை.

அச்சம் என்ன ஆயிற்று? முதல் ஆண்டில், பாலைநிலத்தை ஒட்டிய சாலையில், நள்ளிரவில் காரில் இருந்த முரட்டுத் தோற்றமுடைய ஒருவர் குளிர்காய உள்ளே வரச் சொன்னாராம். அம்மையார் ஏறி உறங்கிவிட்டார். தீங்கு செய்யும் நோக்குடன் அழைத்ததாகவும், அவர் நம்பி உறங்கியதைக் கண்டபின் செய்ய மனம் வரவில்லை என்றும் அம்மனிதர் பின்னர் ஒப்புக்கொண்டாராம். பிறர் உள்ளத்து நன்மையை நம்பினால் நன்மையே எதிர்வரும் என்பது அம்மையார் கொண்ட முடிவு. அந்நிகழ்ச்சியை நான் மறுக்கவில்லை; அதை விதியாக்குவதை மறுக்கிறேன். இரவில் இத்தனை மணிக்குள் விடுதி திரும்பவேண்டும் என்ற கட்டுப்பாட்டை எதிர்த்து 2015இல் மாணவியர் ‘பிஞ்ரா தோட்’ இயக்கம் கண்ட தில்லியிலிருந்து இதை எழுதுகிறேன். பெண் தனியே நடப்பது எத்தனை பேருடைய இசைவுக்கு உட்பட்டது என்பதை நம் மன்றத்து மாணவியர்க்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அம்மையார் வெள்ளையர். நரைத்த கூந்தலும் இனிய முகமும் உடைய வெள்ளைப் பெண் 1953இல் தென்மாநிலச் சாலையில் பெயர் சொல்லாமல் நடந்தால் வியப்பு உண்டாகும். மிஞ்சினால் ஓரிரவு சிறை. கறுப்பினப் பெண் ஒருவர் அவ்வாறு நடந்திருக்க முடியுமா? 1955 திசம்பர் முதல் நாள் அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரப் பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸ் அப்போது நாற்பத்திரண்டு வயதினர். அதைத் தொடர்ந்து 381 நாள் அந்நகரத்துக் கறுப்பின மக்கள் பேருந்தைப் புறக்கணித்தனர். வீட்டு வேலைக்குச் செல்லும் நடுவயதுப் பெண்கள் பலர் காலையும் மாலையும் நடந்தே சென்றனர். அவர்கள் ஒவ்வொருவரும் எத்தனை மைல் நடந்தனர் என்று எவரும் அங்கியில் எழுதவில்லை. பெயரைத் துறப்பதும் ஒரு வசதிதான். பெயர் சொல்லி மதிக்கப்பட்டவர்க்கே அது வாய்க்கும். அம்மையாரின் பெருமையை இது குறைக்கும் என நான் நினைக்கவில்லை. அவர் நடந்த சாலை எல்லார்க்கும் ஒரே சாலையாக இருக்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

மைல் கணக்கைப் பார்ப்போம். நாளொன்றுக்கு 25 மைல், அதாவது 40 கிலோமீட்டர், அவர்க்கு இயல்பான நடை. 1964இல் வாசிங்டனில் 25,000 மைலை எட்டினார். ஏறக்குறைய உலகின் சுற்றளவு அது. ஆனால் வகுத்துப் பார்த்தால், ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளில் சராசரி நாளொன்றுக்கு ஆறு மைலுக்கும் குறைவே! மீதி நேரம் எங்கே சென்றது? மாதா கோயில்களிலும், கல்லூரிகளிலும், வானொலி நிலையங்களிலும், யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறையிலும் பேச்சில் சென்றது. 25,000ஐ எட்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டார். மைலை எண்ண வேண்டுமானால் நெடுஞ்சாலையை விட்டு விலகக் கூடாது. மனிதரோ நெடுஞ்சாலையில் இல்லை, ஊருக்குள் இருந்தனர். நடையை ஒரு சாதனையாக எண்ணியிருந்தால் இவ்வாறு நிறுத்தியிருக்கமாட்டார்.

பயன் என்ன விளைந்தது என்று கேட்போர் உண்டு. கொரியாவில் போர்நிறுத்தம் 1953 சூலை 27இல் வந்தது; அதற்கு அவர் நடை காரணம் என்று அவரே சொன்னதில்லை. அரசில் அமைதிக்கெனத் தனித் துறை வேண்டும் என்று முதல் ஆண்டில் ஒரு விண்ணப்பம் ஏந்திச் சென்றார். அத்துறை அவர் வாழ்நாளில் அமையவில்லை. வியட்நாம் போர் வந்து, நீண்டு, முடிந்தது, அவர் நடந்துகொண்டிருந்தார்.

பிற்காலத்தில் பேச்சுக்கு நாள் குறித்து அழைப்போர் பெருகினர். குறித்த நாளில் சென்று சேர்வதற்காகக் கார்ப் பயணத்தை ஏற்றார். 1981 சூலை 7ஆம் நாள், இந்தியானா மாநிலத்து நாக்ஸ் என்னும் ஊருக்கு அருகே, அவ்வாறு சென்ற கார் எதிரே வந்த காருடன் மோதியதில் உயிர் நீங்கினார். எழுபத்து மூன்று நிறைய இன்னும் பதினொரு நாள் இருந்தது. அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் ஏழாம் முறை அது. அவர் பேச்சையும் கடிதங்களையும் நண்பர் ஐவர் தொகுத்து நூலாக்கினர். அதை விலைக்கு விற்காமல் கேட்டவர்க்கெல்லாம் அனுப்பி வந்தனர்.