பழைய ஜீப்பின் அடிவேகத்தை உயர்த்துதல்

1941 முதல் 1945 வரை ஆக்கப்பட்ட வில்லிஸ் ஜீப் போன்ற கார்புரேற்றர் பூட்டிய வாகனங்களை வயலோரங்களில் ஓட்டுவோர், அக்சலரேற்றரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சின் நின்றுவிடுகிறதென முறையிடுவதுண்டு. கால் வையாதபோது எஞ்சின் ஓடும் வேகமே அடிவேகம். அது குறைந்ததென்று உடனே திருகாணியை முடுக்குவது நோயை மறைக்கும் வைத்தியமாகும்.

முதலில் சோக் முற்றாகத் திறந்துள்ளதா, கார்புரேற்றரின் அடிக் கஸ்கெற்றால் காற்றுப் புகுகிறதா எனப் பார்க்குக. காற்றுப் புகுந்தால் எத்திருகாணியும் பயன் தராது.

எஞ்சின் நின்றிருக்கையில் கலவைத் திருகாணியை மெதுவாக அடைத்து, ஒரு சுற்றுத் திறந்துவிடுக. இறுக்கினால் ஊசிமுனை கெடும். பின் கியரை நியூற்றலில் வைத்து, கைப்பிறேக்கை இழுத்து, எஞ்சினை நன்கு சூடாகும்வரை ஓடவிடுக. இதனைத் திறந்த வெளியிலேயே செய்தல் வேண்டும். அடைத்த கொட்டிலில், புகையிலுள்ள காபனோரொட்சைட்டு மணமின்றியே உயிரைப் போக்கும்.

திறொட்டில் நெம்பை முட்டிநிற்கும் திருகாணியை உள்ளே திருக வேகம் கூடும். அடுத்துக் கலவைத் திருகாணியைச் சிறிது சிறிதாகத் திருப்பி, எஞ்சின் மிகச் சீராக ஓடுமிடத்தில் விடுக. அப்போது வேகம் மிகுந்தால் முன்னையதைத் தளர்த்துக. வில்லிஸ் ஜீப்பிற்கு நிமிடத்துக்கு 600 சுற்றுப் போதும்.

அதற்குமேல் உயர்த்தினால் பெற்றோல் வீணாகும். கியர் போடுகையில் பற்கள் உரசும். இவற்றினும் கேடானது ஒன்றுண்டு. முதற் கியரில் குளக்கட்டுச் சரிவால் இறங்கும்போது, வண்டியைத் தடுக்கவேண்டிய எஞ்சினே அதனை முன்தள்ளும்.

திருத்தியபின் சமதரையில் மெதுவாக ஓட்டிச் சடுதியாகப் பிறேக் பிடித்துப் பார்க்குக. எஞ்சின் அப்போதும் நின்றால், மிதவைக் கிண்ணத்தின் பெற்றோல் மட்டத்தைச் சோதித்தல் வேண்டும்.