களிமண் யானை

நவராத்திரி விழா நெருங்குங்கால், கடலூர் வண்டிப்பாளையத்திலும் பண்ருட்டியிலும் மண்பொம்மைகள் வரிசை வரிசையாகக் காய்வதைக் காணலாம். கொலுப் படிகளில் ஏறவிருக்கும் அப்பொம்மைகளைக் காணும் சிறுவர், ‘களிமண்ணைப் பிசைந்தால் பொம்மை, இதில் என்ன அருமை?’ என்று எண்ணுவதுண்டு. தாமே செய்யப் புகும்போதுதான் அவ்வருமை புலனாகும்.

ஒரு சிறுவன் குளக்கரையிலிருந்து களிமண் கொணர்ந்து, யானை ஒன்று செய்வதாகக் கொள்வோம். மாலையில் அது அழகாகவே நிற்கும். மறுநாள் வெயிலில் காயவைத்து நோக்கினால், துதிக்கை தனியே வீழ்ந்து கிடக்கும். வயிற்றில் வெடிப்பு ஓடியிருக்கும். இரண்டாம் யானைக்கு நீர் மிகுத்துப் பிசைவான். அதன் கால்கள் உடலைத் தாங்காது மடங்கும். மூன்றாவதை அடுப்பில் இடுவான். அது ‘பட்’ என்று சிதறும். ‘இந்த மண் எதற்கும் ஆகாது’ என்று கையை உதறிவிட்டு எழுவான். ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்ற கதையே இது.

மண்ணின்மேல் குற்றமில்லை, அதன் இயல்பை அறியாமையே குற்றம். களிமண்ணின் நுண்துகள்களுக்கு இடையே நீர் நிறைந்துள்ளது. அந்நீர் நீங்குங்கால் துகள்கள் ஒன்றையொன்று நெருங்கும். ஆகவே உருவம் சுருங்கும். மெல்லிய துதிக்கை விரைந்து உலர்ந்து சுருங்கும். பருத்த உடலோ ஈரம் நீங்காதிருக்கும். இரண்டும் ஒருங்கே சுருங்காமையால், இணைத்த இடம் பிளக்கும். உலர்ந்ததுபோலத் தோன்றும் பொம்மையினுள் ஈரம் எஞ்சியிருப்பின், நெருப்பில் அது நீராவியாகி, வெளியேற வழியின்றிப் பொம்மையை உடைக்கும்.

இவ்வியல்புகளைக் கைப்பழக்கத்தால் அறிந்தவர் குயவர். சங்க நூல்கள் அவர்களை ‘வேட்கோ’ என்று குறிக்கும். அத்துணைத் தொன்மை வாய்ந்தது அத்தொழில். அவர்கள் மண்ணிலுள்ள கல்லையும் வேரையும் களைவர். நீரில் ஊறவைத்து மிதித்துப் பதப்படுத்துவர். அளவறிந்து மணல் சேர்ப்பர். மணல் சுருங்காதாகலின் வெடிப்புக் குறையும். பொம்மையின் உட்புறம் கூடாகவும், சுற்றிலும் ஒத்த கனமுடையதாகவும் இருக்குமாறு அமைப்பர். முன்பாதி, பின்பாதி என இரண்டு அச்சுகளில் மண்ணை அழுத்தி எடுத்து, குழைத்த மண்ணைப் பூசி விளிம்புகளை ஒட்டுவர். நிழலில் மெல்ல உலர்த்துவர். சூளையிலும் சிறுதீயில் தொடங்கிப் படிப்படியாகவே வெப்பத்தை ஏற்றுவர். வண்ணம் தீட்டுவது இறுதிப் பணி. இத்துணைக் கவனம் செலுத்தினும், சூளைக்குச் செல்லுமுன் எதிர்பாராத மழை பெய்யின், பல நாள் உழைப்பும் சேறாகிவிடும்.

இதனை அறியாத சிலர், ‘மண்ணுக்கா இவ்வளவு விலை?’ என்று கடைவீதியில் வாதாடுவர். அவர் காண்பது முழுமையாக நிற்கும் பொம்மை ஒன்றையே. வெடித்தவை, கோணியவை, மழையில் கரைந்தவை ஆகியவற்றின் உழைப்பும் அவ்விலையில் அடங்கியுள்ளது. களிமண் யானை செய்து தோற்ற சிறுவன் அவ்வாறு வாதாடமாட்டான்.

1937ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வியைக் காந்தியடிகள் வலியுறுத்தினார். ஏட்டில் கற்றதைப் பொருள் உணராமலே ஒப்புவித்துவிடலாம். கைத்தொழிலில் அது இயலாது. பிழை நேர்ந்தால் பொருளே அதனைக் காட்டிவிடும்.

ஆதலின் மாணவர்களே, நீங்கள் செய்யும் முதல் யானை உடையுமாயின் வருந்தி எழுந்துவிடாதீர்கள். எவ்விடத்தில் உடைந்தது, ஏன் உடைந்தது என்று உற்று நோக்குங்கள். சூளையில் இடாத மண் உடைந்தாலும் வீணாவதில்லை. அதனை நீரில் இட்டு மீண்டும் பிசையுங்கள். நான்காம் யானை அதே மண்ணிலிருந்து எழும்.

வினாக்கள்

1. யானையின் துதிக்கை வீழ்ந்தது ஏன்?
2. குயவர் களிமண்ணில் மணல் சேர்ப்பதன் பயன் யாது?
3. பொம்மையின் விலையில் எவற்றின் உழைப்பு அடங்கியுள்ளது?