பள்ளிப் படிப்பு முடியலாம், கல்வி முடியாது

(ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் உண்டாகட்டுமாக!

அல்லாஹ்வின் நல்லடியார்களே! பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்துவிட்டன. இந்த ஸஃப்புகளில் அந்த முடிவைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய தந்தைமார்களும் அமர்ந்திருக்கிறீர்கள். நல்ல மதிப்பெண் வந்த வீடுகளில் இனிப்பு வழங்கப்படுகிறது. குறைந்த வீடுகளில் கதவு சாத்தியிருக்கிறது. இரண்டு வீடுகளிலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: “அடுத்து என்ன?” இதற்கு மார்க்கம் என்ன வழி காட்டுகிறது என்று இன்று பார்ப்போம்.

நபிக்கே கற்றுத்தரப்பட்ட பிரார்த்தனை

தொட்டிலில் இருந்து மண்ணறை வரை கல்வியைத் தேடுங்கள் என்பதை நபிமொழி என்று மேடைகளில் சொல்வார்கள். அதன் கருத்து நல்ல கருத்துதான். ஆனால் நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அதற்கு ஆதாரப்பூர்வமான அறிவிப்பு கிடையாது. நபி சொல்லாததை நபியின் பெயரில் சொல்லக் கூடாது. சொல்ல வேண்டிய தேவையும் நமக்கு இல்லை, ஏனென்றால் அதைவிட உறுதியான சான்று குர்ஆனிலேயே இருக்கிறது.

தாஹா அத்தியாயத்தின் 114-வது வசனத்தில், தமக்கு அறிவை அதிகப்படுத்தித் தருமாறு இறைவனிடம் வேண்டும்படி நபி (ஸல்) அவர்களுக்குக் கட்டளையிடப்படுகிறது. இதில் சிந்திக்க வேண்டிய செய்தி இருக்கிறது. நபி (ஸல்) அவர்களுக்கு நுபுவ்வத் கிடைத்தது 40-வது வயதில். இந்தக் கட்டளை அதற்குப் பிறகு வந்தது. வானத்திலிருந்து வஹீ இறங்கிக்கொண்டிருக்கும் ஒருவரிடம், இன்னும் கேளுங்கள் என்கிறான் அல்லாஹ். செல்வத்தையோ பதவியையோ அதிகப்படுத்திக் கேட்கும்படி அவன் தன் நபிக்குக் கட்டளையிடவில்லை, கல்வியை மட்டுமே அப்படிக் கேட்கச் சொன்னான் என்று அறிஞர்கள் விளக்கம் தருகிறார்கள்.

அப்படியென்றால் 17 வயதில் ஒரு சான்றிதழ் வாங்கியவுடன் “படித்தது போதும்” என்று சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு

மக்களில் அதிகம் அறிந்தவர் யார் என்று மூஸா (அலை) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, நான்தான் என்றார்கள். அல்லாஹ் அதைக் கண்டித்தான். உம்மைவிட அறிந்த அடியார் ஒருவர் இருக்கிறார், அவரிடம் செல்லும் என்று அனுப்பினான். புகாரியில் இடம்பெறும் செய்தி இது. கஹ்ஃபு அத்தியாயம் அந்தப் பயணத்தை விவரிக்கிறது. தவ்ராத் வழங்கப்பட்ட நபி, மாணவராக நடந்துபோனார்கள். உன்னைப் பின்தொடர்ந்து வரலாமா என்று ஆசிரியரிடம் அனுமதி கேட்டார்கள்.

மாணவச் செல்வமே! உன் மதிப்பெண் அல்ஹம்து லில்லாஹ், பெரிய நிஃமத். ஆனால் அது உனக்குத் தெரிந்ததன் அளவுதான். தெரியாததன் அளவு எந்த மதிப்பெண் பட்டியலிலும் அச்சாவதில்லை.

மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கு

உனக்கு ஒரு வரலாறு சொல்கிறேன். ஷாஃபிஈ மத்ஹபின் பெரும் இமாம்களில் ஒருவர் அபூபக்ர் அல்கஃப்பால் அல்மர்வஸீ. கஃப்பால் என்றால் பூட்டு செய்பவர். நுணுக்கமான பூட்டுகளைச் செய்யும் தொழிலாளியாக இருந்தவர் அவர். சுமார் 30 வயதில்தான் ஃபிக்ஹு படிக்கத் தொடங்கினார். ஹிஜ்ரி 417-இல் அவர் மரணித்தபோது, குராசானின் மார்க்க அறிஞர்கள் பலருக்கும் ஆசிரியராக இருந்தார். பூட்டுப் பட்டறையில் கழிந்த ஆண்டுகள் அவருடைய கல்வியின் கதவைப் பூட்டிவிடவில்லை.

தேறாத பாடத்துக்குத் துணைத் தேர்வு இருக்கிறது. ஐடிஐ, பாலிடெக்னிக் இருக்கின்றன. 1985-இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க வழிகள் உண்டு. ஒரு தாளில் வந்த எண்ணுக்காக உயிரை வெறுக்கும் பிள்ளைகளைப் பற்றி ஆண்டுதோறும் செய்தி வருகிறது. உயிர் அல்லாஹ்வின் அமானத். மனம் உடைந்திருந்தால் தனியாக இருக்காதே, வீட்டில் சொல், ஆசிரியரிடம் சொல், இமாமிடம் வந்து சொல். தந்தைமார்களே, இந்த நாட்களில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை உங்கள் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு

“பிளஸ் டூ முடித்துவிட்டாள், மாப்பிள்ளை பார்க்க வேண்டியதுதான்” என்ற பேச்சு நம் மஹல்லாக்களில் இன்னும் இருக்கிறது. நிகாஹ் சுன்னத்தான அமல். ஆனால் நிகாஹ் வந்தால் கல்வி போக வேண்டும் என்று யார் சொன்னது?

ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற பெண்மணி ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர். ஹஃப்ஸாவுக்கு எழுத்தைக் கற்றுக்கொடுத்தது போல ஓதிப்பார்க்கும் முறை ஒன்றையும் கற்றுக்கொடுக்கலாமே என்று நபி (ஸல்) அவர்கள் அவரிடம் கேட்டதாக அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. அப்போது ஹஃப்ஸா (ரலி) நபியின் மனைவி. மனைவி மேலும் கற்க வேண்டும் என்று கணவரே விரும்பிக் கேட்கிறார்!

பின்னாளில் நடந்ததைப் பாருங்கள். அபூபக்ர் (ரலி) ஆட்சியில் குர்ஆனைத் திரட்டும் பெரும்பொறுப்பு ஓர் இளைஞரிடம், ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களிடம் தரப்பட்டது. நபியின் உத்தரவுப்படி யூதர்களின் எழுத்தை சுமார் 15 நாட்களில் கற்றுக்கொண்டவர் அவர். அவர் திரட்டிய ஏடுகள் அபூபக்ரிடம் இருந்தன, பிறகு உமரிடம், அதன்பின் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் இருந்தன. எழுதப் படிக்கக் கற்ற ஓர் இளைஞனையும் ஒரு பெண்ணையும் அல்லாஹ் எந்த வேலைக்குத் தேர்ந்தெடுத்தான் என்பதை யோசியுங்கள்.

வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு

“எனக்கு நேரம் எங்கே இருக்கிறது, ஹஜ்ரத்?” என்று கேட்பீர்கள். உமர் (ரலி) அவர்களுக்கும் நேரம் இல்லை. மதீனாவின் மேட்டுப்பகுதியில் குடியிருந்தார்கள், பிழைப்பையும் பார்க்க வேண்டும். அதனால் அன்ஸாரியான அண்டைவீட்டாருடன் முறை வைத்துக்கொண்டார்கள். ஒருநாள் இவர் நபியின் சபைக்குப் போய்க் கேட்டதை வந்து சொல்வார், மறுநாள் அவர் போவார். இதுவும் புகாரியில் இருக்கிறது.

தலைமைப் பொறுப்புக்கு வருமுன் கற்றுக்கொள்ளுங்கள் என்று உமர் (ரலி) சொன்னதைப் பதிவு செய்யும் இமாம் புகாரி, பொறுப்புக்கு வந்த பிறகும் கற்க வேண்டும் என்று சேர்த்து எழுதுகிறார். நபித்தோழர்கள் முதிய வயதிலும் கற்றார்கள் என்பதை அதற்குக் காரணமாகக் காட்டுகிறார். குர்ஆனைத் திருத்தமாக ஓதத் தெரியாத 50 வயதுக்காரர், பேரப்பிள்ளையோடு சேர்ந்து மக்தபில் அமர வெட்கப்பட வேண்டியதில்லை.

நாம் என்ன செய்யலாம்?

திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் சென்னை புதுக்கல்லூரியும் 1951-இல் தொடங்கப்பட்டவை. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வணிகம் செய்து சம்பாதித்த முன்னோர்கள் தங்கள் பொருளைக் கொடுத்து இவற்றை எழுப்பினார்கள். நாம் கல்லூரி கட்ட வேண்டாம். இந்த வாரம் மூன்று காரியங்களைச் செய்வோம்.

ஒன்று, விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த பட்டதாரிகள் அஸருக்குப் பிறகு முறை வைத்துப் பள்ளிவாசல் வராந்தாவில் அமருங்கள். தமிழ்நாட்டில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு 2007 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் சாதிச் சான்றிதழை உரிய நேரத்தில் வாங்காத பிள்ளைக்கு அது இருந்தும் பயனில்லை.

இரண்டு, கட்டணம் கட்ட முடியாமல் நிற்கும் ஒரு பிள்ளையை, அதன் தன்மானம் குலையாமல், வசதியுள்ள ஒரு வீடு பொறுப்பேற்கட்டும்.

மூன்று, ஒவ்வொருவரும் இந்த ஆண்டு புதிதாக ஒன்றைக் கற்பதாக நிய்யத் வையுங்கள். ஒரு சூராவின் பொருளாகவும் இருக்கலாம், ஒரு தொழில்நுட்பமாகவும் இருக்கலாம்.

மனிதன் இறந்ததும் அவனுடைய செயல்கள் நின்றுவிடுகின்றன, மூன்றைத் தவிர என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக முஸ்லிமில் வருகிறது. நிலையான தர்மம், பயன்தரும் கல்வி, பெற்றோருக்காக துஆச் செய்யும் நல்ல பிள்ளை ஆகியவையே அவை. ஒரு பிள்ளையைப் படிக்க வைத்தால் இந்த மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது.

யா அல்லாஹ்! எங்களுக்குப் பயன்தரும் கல்வியைக் கொடுப்பாயாக! பயனில்லாத கல்வியை விட்டும் எங்களைக் காப்பாயாக! எங்கள் பிள்ளைகளின் முன் நல்ல வழிகளைத் திறந்து வைப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.