தோல் பூட்ஸை மழையிலிருந்து காப்பது



ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் நம் வீட்டு வாசல்களில் நனைந்த செருப்புகளோடு கனமான தோல் பூட்ஸும் நிற்பதைப் பார்க்கலாம். கணுக்காலுக்கு மேல் ஏறி, லேஸ் போட்டு இறுக்கும் இந்த வகைக்கு மேல்நாடுகளில் வேட்டை பூட்ஸ் என்று பெயர். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது. பூட்ஸ் மட்டும் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஏற்றுமதிக்குத் தைத்து, சின்னக் குறைக்காகக் கழித்துவிட்ட ஜோடிகள் உள்ளூர்க் கடைகளுக்கு வருகின்றன. கட்டட வேலைக்குப் போகிறவர், பைக்கில் நெடுந்தூரம் அலைகிறவர், குளிர்நாட்டுக்கு வேலைக்கோ படிப்புக்கோ கிளம்பும் பிள்ளை என்று பலரும் வாங்குகிறார்கள்.

விலை மலிவு என்றாலும் பல நாள் கூலி அது. பல வருடம் உழைக்க வேண்டிய பொருள் ஒரே மழைக்காலத்தில் விரைத்து வெடித்துப் போகிறது. பெரும்பாலும் அதைக் கெடுப்பது மழைக்குப் பிறகு நாம் காட்டும் சூடுதான். இம்மாதப் பாடம் அதைப் பற்றியது.

தோலுக்குள் என்ன நடக்கிறது?

தோல் என்பது மெல்லிய இழைகள் நெருக்கமாகப் பின்னிய பாய் போன்றது. குரோம் உப்பாலோ, ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்ற தாவரச் சாற்றாலோ பதனிட்ட பிறகு, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கி நகர்வதற்காக எண்ணெய் ஏற்றுவார்கள். நம் வட்டாரத்தில் டேனரி வேலை தெரிந்த பெரியவர்களுக்குப் பஞ்சமில்லை. கேட்டுப் பாருங்கள், 'ஃபேட்லிக்கர்' என்று அந்தக் கட்டத்தைச் சொல்வார்கள். பூட்ஸ் நடக்கும்போது மடங்கி மடங்கி நிமிர்வது அந்த எண்ணெயின் தயவால்.

நனைந்த தோல் தானாக, மெதுவாக உலர்ந்தால் இழைகள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். அடுப்புப் பக்கத்திலோ உச்சி வெயிலிலோ வைத்தால் மேற்பரப்பு சட்டென்று சுருங்கும், உள்ளே ஈரம் இருக்கும், இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு நனைதலோடும் காய்தலோடும் எண்ணெயும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். மறுநாள் காலையில் போட்டு நடந்தால் விரல் மடியும் இடத்தில் கீறல் விழும். அந்தக் கீறலை எந்தப் பாலிஷும் மறுபடி ஒட்ட வைக்காது. தாவரச் சாற்றில் பதனிட்ட தோல், குரோம் தோலைவிட ஈரச்சூட்டை இன்னும் குறைவாகவே தாங்கும்.

நனைந்து வீடு திரும்பிய இரவில்

முதலில் சேறு. சேறு காயும்போது தோலிலிருக்கும் எண்ணெயையும் சேர்த்து உறிஞ்சும். ஆகவே ஈரமாக இருக்கும்போதே நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். தையல் ஓரத்துக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். துணி சோப்புத் தூள் வேண்டாம்.

லேஸை முழுதாக உருவி, உள்ளே போட்டிருக்கும் மெத்தையை வெளியே எடுத்துத் தனியாகக் காய வையுங்கள். வீட்டில் பலரும் இதைச் செய்வதில்லை. நாற்றம் அங்கேதான் பிறக்கிறது. பிறகு செய்தித்தாளைக் கசக்கி முனைவரை அடைத்து, ஒரு மணி நேரம் கழித்து ஈரத்தாளை எடுத்துவிட்டு வேறு தாள் வையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை மாற்றினால் ஈரத்தில் பெரும்பகுதி வெளியேறிவிடும். பூட்ஸைப் பக்கவாட்டில் படுக்க வைத்தால் அடிப்பாகத்துக்கும் காற்று படும். மின்விசிறிக் காற்று நல்லது. ஹேர் டிரையர், இஸ்திரிப் பெட்டி, கேஸ் அடுப்பு, மாடி வெயில் எதுவும் வேண்டாம். முழுதாக உலர ஒரு நாள் முதல் இரண்டு நாள் ஆகும். தினமும் பூட்ஸ் போட்டே ஆக வேண்டியவர், முடிந்தால் இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுவது சிக்கனம். இரண்டும் சேர்ந்து உழைக்கும் காலம், ஒன்றை வாங்கித் தேய்த்துவிட்டு அடுத்ததை வாங்குவதைவிட அதிகம். மழையில்லாத நாளிலும் கால் வியர்வை உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

காய்ந்தபின் வெள்ளைப் படிவு தெரிந்தால் அது உப்பு. ஒரு பங்கு வினிகரோடு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து துணியால் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரால் துடையுங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூஞ்சை பூத்திருந்தாலும் இதே கலவை உதவும். அதை வீட்டுக்கு வெளியே வைத்துத் துடையுங்கள்.

என்ன பூசுவது?

பூசுமுன் ஒரு சின்னச் சோதனை. உலர்ந்த தோலின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்துப்போல் உருண்டு நின்றால் இப்போது எதுவும் தேவையில்லை. ஒரு நிமிடத்தில் ஊறி அந்த இடம் கறுத்தால், பூச வேண்டிய நேரம் வந்துவிட்டது. மலிவான சில பூட்ஸில் தண்ணீர் எப்போதுமே உருண்டோடும். அது தோலின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் பூச்சு. அதில் எண்ணெய் இறங்காது, துடைத்து வைப்பதோடு சரி.

தேன்மெழுகு கலந்த களிம்பே எளிய வழி. வீட்டிலும் செய்யலாம். ஒரு பங்கு தேன்மெழுகு, மூன்று பங்கு விளக்கெண்ணெய். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் சின்னப் பாத்திரத்தை வைத்து உருக்குங்கள். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி வெப்பத்தில் உருகிவிடும். நேரடித் தீயில் வைத்தால் பற்றிக்கொள்ளும், குழந்தைகளை அருகில் விடாதீர்கள். ஆறினால் களிம்பாகும்.

சுத்தமான, ஏறத்தாழ உலர்ந்த பூட்ஸில் விரலாலேயே தேயுங்கள். கைச்சூட்டில் மெழுகு இளகி இறங்கும். பட்டாணி அளவு எடுத்துப் பரப்பி, போதாவிட்டால் இன்னொரு பட்டாணி. தையல், நாக்குப்பகுதியின் மடிப்பு, தோலும் அடிப்பாகமும் சேரும் விளிம்பு ஆகிய இடங்களில் கவனமாகத் தேயுங்கள். தண்ணீர் அங்கேதான் நுழையும். இரவு முழுக்க விட்டு, காலையில் மிச்சத்தைத் துடைத்து பிரஷ் போடுங்கள். தோல் கொஞ்சம் கறுக்கும். அதனால் முதலில் நாக்கின் உள்பக்கம் பூசிப் பாருங்கள். மழைக்காலத்தில் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும்.

அளவு மீறுவதுதான் பெரும்பாலோர் செய்வது. எண்ணெயில் ஊறிய தோல் தொளதொளத்து வடிவம் இழக்கும், பசை விட்டுப்போகும், தூசு அப்பும். வெறும் தேங்காய் எண்ணெய் தோலை மிருதுவாக்கும், தண்ணீரைத் தடுக்காது. குளிர்நாட்டில் அது உறைந்து வெள்ளையாகத் தெரியும். மண்ணெண்ணெய், என்ஜின் ஆயில் பக்கமே போக வேண்டாம்.

மொறுமொறுப்பான மேற்பரப்புள்ள சுவேட், நூபக் வகைகளுக்குக் களிம்பு பூசினால் அந்தப் பஞ்சுத்தன்மை போய்விடும். அவற்றுக்கு ஸ்பிரே உண்டு. கோர்டெக்ஸ் போன்ற சவ்வு வைத்துத் தைத்த பூட்ஸில் தண்ணீரைத் தடுப்பது உள்ளிருக்கும் சவ்வு. வியர்வை ஆவியை வெளியே விடுவதும் அதுவே. மேலே கனமாகக் கொழுப்பு பூசினால் ஆவி போக வழியிராது. அவற்றுக்கென்று விற்கும் நீர்க்கலவைப் பூச்சே பொருந்தும்.

இங்கே நம் கவனத்துக்குரிய ஒன்று. வெளிநாட்டு டப்பாக்களில் 'மிங்க் ஆயில்' என்று இருக்கும். மிங்க் என்பது ரோமத்துக்காக வளர்க்கப்படும் ஊனுண்ணிப் பிராணி, அதன் கொழுப்பு அது. 'நீட்ஸ்ஃபுட் ஆயில்' மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுப்பது, அந்த மாடு எப்படி அறுக்கப்பட்டது என்று டப்பாவில் இருக்காது. சந்தேகம் வேண்டாம் என்பவருக்குத் தேன்மெழுகும், ஆட்டு ரோமத்திலிருந்து கிடைக்கும் லனோலினும் இருக்கின்றன. பூட்ஸின் உள்பக்கத் தோலையும் பாருங்கள். பன்றித்தோலை உள்ளே வைத்துத் தைப்பது உலகெங்கும் வழக்கம். மயிர்த்துளைகள் மூன்று மூன்றாகச் சேர்ந்திருந்தால் அது பன்றித்தோல். பதனிட்டாலும் அது தூய்மையாகாது என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. வாங்குமுன் கடையில் கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

தையல் விட்டால்

அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் லியோன் லியோன்வுட் பீன் என்ற கடைக்காரர், வேட்டைக்குப் போய்க் கால் நனைந்து அலுத்தவர். ரப்பர் அடிப்பாகத்தில் மெல்லிய தோல் மேற்பகுதியைத் தைத்து 1912இல் விற்கத் தொடங்கினார். முதல் 100 ஜோடியில் 90 திரும்பி வந்தன. ரப்பரும் தோலும் சேரும் தையல் பிய்ந்துவிட்டது. சொன்ன வாக்குப்படி எல்லாருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, கடன் வாங்கி, குறையைச் சரிசெய்து மறுபடி விற்றார். அந்த வகை பூட்ஸ் இன்றும் தயாராகிறது. தோல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பூட்ஸின் ஆயுள் அந்த விளிம்பில்தான் இருக்கிறது. வாரம் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு தையல் விட்டதும் செருப்புத் தைப்பவரிடம் கொண்டுபோனால் சில்லறைச் செலவு. வாய் பிளந்தபின் போனால் அவரே வேண்டாம் என்பார்.

குளிர்நாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த விஷயம் இன்னும் முக்கியம். முழு உளூவோடு அணிந்த, கணுக்காலை மூடிய தோல் பூட்ஸின் மேல் மஸஹு செய்ய அனுமதி உண்டு. ஊரில் தங்கியிருப்பவருக்கு ஒரு பகல் ஒரு இரவு, பயணிக்கு மூன்று பகல் மூன்று இரவு. பூட்ஸ் கிழிந்தால் நிலை மாறும். ஷாஃபிஈ மத்ஹபில் கால் தெரியும் அளவுக்கு ஓட்டை இருந்தாலே மஸஹு கூடாது. ஹனஃபி மத்ஹபில் மூன்று சிறு கால்விரல் அளவுக்குக் குறைவாக இருந்தால் விடப்படுகிறது. உங்கள் பூட்ஸ் எந்த நிலையில் இருக்கிறது என்பதை உங்கள் ஆலிமிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் ஈர பூட்ஸ் வெறும் சிரமத்தோடு நிற்காது. ஊறிய தோலில் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும், உணர்ச்சி குறைந்த காலில் அது தெரியாமலே ஆழமாகும். முதல் உலகப் போரில் பதுங்குகுழித் தண்ணீரில் நாள்கணக்காக நின்ற வீரர்களின் கால்கள் அழுகின. சாக்ஸை மாற்றுவதும் காலைத் துடைத்துக் காய வைப்பதும் அங்கே கட்டளையாகவே இருந்தது. நம் வீட்டு அத்தா, அம்மாவுக்கும் அதே கட்டளையைப் போடலாம். பூட்ஸைக் கழற்றியதும் விரலிடுக்கைத் துடைத்து, வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மழை நின்றபின் எடுத்து வைக்கும்போது சுத்தம் செய்து, மெல்லிய களிம்புப் பூச்சோடு, தாள் அடைத்து, துணிப்பையில் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டினால் பூஞ்சை நிச்சயம். ஆனால் 'நல்ல பூட்ஸ், விசேஷத்துக்கு' என்று வருடக்கணக்கில் அலமாரியில் பூட்டி வைப்பதிலும் பயனில்லை. பாலியூரித்தேன் அடிப்பாகம் காற்றிலுள்ள ஈரத்தாலேயே உள்ளுக்குள் சிதைகிறது. நம் ஊர் வெக்கையில் அது இன்னும் வேகம். சில வருடம் கழித்து எடுத்துப் போட்டால் பத்தடி நடப்பதற்குள் ரொட்டித்தூள் போல் உதிரும். போட்டு நடக்க வேண்டிய பொருள் அது. வீட்டில் யாருக்கும் அளவு சரியில்லை என்றால், உதிர்வதற்குள் அளவு சரியான ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.