தோளேறிய வாத்தியம்

இசைக் கருவிகளுள் சில, தம்மை வாசிப்போருக்கு யாதொரு தொல்லையும் தருவதில்லை. மேனாட்டுக் குழலை மூன்று துண்டாகக் கழற்றிச் சிறு பெட்டியில் அடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்கும் செல்லலாம். வயலினுக்கு ஒரு கை போதும். டியூபாவோ அத்தகையதன்று. அதனைக் கற்க விரும்புவோன் முதலில் மூச்சை நீளமாக இழுத்து விடப் பழகுதல் வேண்டும் என்பர் ஆசிரியர். மாடிப்படி ஏறப் பழகுதல் அதனினும் முந்தியது என்பது என் கருத்து.

காவல்துறையின் வாத்தியக் குழு அணிவகுத்துச் செல்லும்பொழுது, ஒருவர் பெரும் பித்தளை மலர் ஒன்றைத் தலைக்கு மேல் விரித்துக்கொண்டு நடப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். அவர் உடலை மலைப்பாம்புபோல் சுற்றிக் கிடக்கும் அக்கருவி டியூபாவின் நெருங்கிய உறவு. குழல் குருவியைப்போல் பேசும்; டியூபா, தொலைவில் இடி உருளுவதைப்போல் பேசும். அக்குரலுக்கு ஒரு விலையுண்டு. ஓசை தாழத் தாழ, காற்று அசையும் குழாய் நீள வேண்டும். பெரிய வகை டியூபாவின் குழாயை நேராக நிமிர்த்தினால் 18 அடி வரும். மூன்று ஆள் உயரம் என்க. அதனைச் சுருட்டி வைப்பதனால் ஓசை மாறுவதில்லை. ஆனால் எடையும் குறைவதில்லை.

1835ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், பிரஷ்ய நாட்டில் வீப்ரெக்ட் என்பவரும் மோரிட்ஸ் என்பவரும் டியூபாவிற்குக் காப்புரிமை பெற்றனர். முன்னவர் படை வாத்தியக் குழுக்களைச் செம்மை செய்தவர். பின்னவர் பெர்லின் நகரத்துக் கருவி வினைஞர். அவர்கள் செய்த டியூபாவின் குழாய் 12 அடியே. பின்வந்தோர் அது போதாதென்று மேலும் நீட்டினர். நீட்டியவர் யாரோ, தூக்குபவர் யாரோ!

பெரிய நகரமொன்றில் வாழும் டியூபா கலைஞர் ஒருவரின் மாலைப்பொழுதைச் சிறிது எண்ணிப் பாருங்கள். வாத்தியம் ஏறத்தாழ 10 கிலோ. கெட்டியான பெட்டியும் ஏறத்தாழ அதே எடை. மாடிப்படியின் திருப்பத்தில் பெட்டி முதலில் திரும்புவதா, தாம் முதலில் திரும்புவதா என்னும் வழக்கு நாள்தோறும் எழும். சுழற்கதவு உள்ள கட்டடத்தில், கலைஞர் ஓர் அறையிலும் டியூபா மற்றோர் அறையிலுமாகச் சுற்ற நேரும். பஸ்ஸில் அது ஓர் ஆள் நிற்கும் இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளே என்ன பிணமா என்று கண்ணாலேயே வினவுவோர் சிலர். வாய் திறந்து பேசுவோர் எல்லா நாட்டிலும் ஒன்றையே கூறுவர்: “ஐயா, நீங்கள் குழல் கற்றிருக்கலாமே!” கூறுபவர் ஒவ்வொருவரும், இந்நகைச்சுவை தமக்கே முதன்முதல் தோன்றியதாக எண்ணி மகிழ்வர். கலைஞரும் முதன்முறை கேட்பவர்போல் சிரிக்க வேண்டும்.

வானூர்திப் பயணம் இன்னும் சுவையானது. அமெரிக்க நாட்டில் 2012ஆம் ஆண்டில் இயற்றிய சட்டமொன்று, இடம் அமையுமாயின், பெரிய வாத்தியத்திற்குத் தனி இருக்கைக்குப் பணம் செலுத்தி உடன் அழைத்துச் செல்ல வழி செய்கிறது. எடை ஏறத்தாழ 75 கிலோவுக்கு மேற்படலாகாது. பிறர் வழியை மறைக்கக்கூடாதாகையால் வாத்தியத்திற்குப் பெரும்பாலும் சன்னலோர இருக்கையே கிடைக்கும். டியூபா மேகங்களைப் பார்த்துக்கொண்டு செல்ல, உரியவர் நடு இருக்கையில் ஒடுங்கியிருப்பார். அத்துணைப் பணம் இல்லாதோர் அதனைச் சரக்கறைக்கு அனுப்பிவிட்டு, இறங்கியதும் நெஞ்சு படபடக்கப் பெட்டியைத் திறப்பர். ஒடுக்கு விழுந்திருந்தால் பழுது பார்ப்பவரிடம் கொண்டு செல்ல வேண்டும். அவர் குழாயினுள் எஃகுக் குண்டை இட்டு, வெளியே காந்தத்தால் இழுத்து இழுத்து ஒடுக்கெடுப்பார். நம் ஊரில் பித்தளைக் குடத்திற்கு ஒடுக்கெடுப்பவர் கண்டால் வியந்து பாராட்டுவார்.

இச்சுமையை எளிதாக்க அறிஞர் முயலாமல் இல்லை. அமெரிக்காவில் 1838ஆம் ஆண்டளவில், தோளின்மேல் கிடத்தி ஊதும் கருவிகள் தோன்றின. அவற்றின் அணசு, அஃதாவது விரிந்த வாய், பின்னோக்கியிருந்தது. பின்னால் வரும் படைவீரர் தாளம் தப்பாமல் நடப்பதற்காக இவ்வேற்பாடு. உள்நாட்டுப் போர் நடந்த 1861 முதல் 1865 வரை இவை பெரிதும் வழங்கின. முன்னே நின்று கேட்போருக்கு முதுகு காட்டிய வாத்தியம் அது. அப்பால் ஐரோப்பாவில் ஹெலிகான் வந்தது. குழாயை வளையமாக வளைத்து மனிதனை நடுவே நுழைத்துவிட்டனர். சுமை கையிலிருந்து தோளுக்கு ஏறிற்று. ஜான் பிலிப் சூசா என்னும் புகழ்பெற்ற குழுத் தலைவர், ஓசை மேலெழுந்து பரவ வேண்டுமென விரும்பினார். அவர் கருத்துப்படி 1890களில் அணசை வானோக்கித் திருப்பிச் செய்தனர். அதுவே சூசாபோன். திறந்த வெளியில் மழை பெய்தால் என்ன ஆகும் என்பதை அப்பொழுது எவரும் எண்ணவில்லை போலும். ‘மழை பிடிப்பான்’ என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. பின்னர் அணசை முன்னோக்கி வளைத்தனர். இப்பொழுது காற்று பிடிக்கிறது. இதில் ஒரு வேடிக்கை: தெருவில் நடப்போரின் வாத்தியத்திற்குத் தம் பெயரை அளித்த சூசாவின் சொந்தக் குழு, அணிவகுத்து நடந்தது மிகச் சில முறையே. அவர்கள் அமர்ந்தே வாசித்தனர்.

1960களில் கண்ணாடியிழையால் ஆன சூசாபோன்கள் பள்ளிகளில் பரவின. பித்தளைச் சூசாபோன் பெரும்பாலும் 11 முதல் 15 கிலோ வரை இருக்கும்; அதனை இடத்தோளில் தாங்கி வெயிலில் நடக்கும் பதினைந்து வயது மாணவனுக்கு இப்புதியது பெரும் ஆறுதலே. ஆயினும் கேட்டுத் தேர்ந்த செவியினர், ஓசையிலும் கனம் குறைந்துவிட்டதென்று முகம் சுளித்தனர். தோள் ஒன்று கூறுகிறது. செவி வேறொன்று கூறுகிறது. அவ்வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. தோளை உடையவன் கூற்றையே முதலில் கேட்க வேண்டும் என்பேன் நான். ஆனால் நான் அதனைத் தூக்கியவனும் அல்லேன், ஊதியவனும் அல்லேன்.

இவ்வளவு பாடுபட்டுச் சுமந்து சென்று அவர்கள் எவ்வளவு வாசிக்கின்றனர்? ட்வோராக் இயற்றிய ‘புதிய உலகம்’ என்னும் சிம்பொனி 1893ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க் நகரில் அரங்கேறியது. அதனை வாசித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். அதில் டியூபாவிற்கு உரியவை 14 சுரங்களே. அவையும் இரண்டாம் பகுதியில் மட்டும். வயலின்காரர் வியர்த்துப் பறக்க, டியூபாக்காரர் கைகட்டிக் கணக்கெண்ணிக்கொண்டிருப்பார். இரண்டாம் பகுதி தொடங்கும். பித்தளைக் கருவிகள் மெல்ல எழும். அவற்றின் அடியில், கோயில் தூணின் அடியிற் கல்போல, டியூபா வந்து நிற்கும். ஏழு சுரங்கள். பகுதியின் முடிவில் மீண்டும் ஏழு. பிறகு பெட்டி, மாடிப்படி, பஸ். ஒரு சுரத்திற்கு எத்தனை படி என்று அவர்கள் கணக்கிடுவதில்லை. அந்த ஏழில் ஒன்று பிசகினால் அரங்கம் முழுவதும் அறியும் என்பது ஒன்றே அவர்கள் கவலை.

1954ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், லண்டன் நகரில், வான் வில்லியம்ஸ் என்னும் இசைப் புலவர் தம் 81ஆம் வயதில் டியூபாவைத் தனிக் கருவியாக முன்னிறுத்தி ஒரு கச்சேரிப் படைப்பை அரங்கேற்றச் செய்தார். பின்வரிசையில் இருந்தவர் அன்று முன்வரிசைக்கு வந்தார். வாத்தியத்தை இன்னும் சில அடி தூரம் கூடுதலாகத் தூக்க வேண்டியிருந்தது. அவர் வருந்தியிருக்க மாட்டார்.

இருபது ஆண்டுகள் கழிந்தன. ஹார்வி பிலிப்ஸ் என்னும் டியூபா கலைஞர், கிறித்துமஸ் நாளில் பிறந்தவராகிய தம் ஆசிரியர் வில்லியம் பெல்லைப் போற்றும்பொருட்டு, 1974ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் மையத்திற்கு டியூபா இனத்தைச் சேர்ந்த கருவிகளை வாசிப்போரை அழைத்தார். முந்நூறு பேருக்கு மேல் வந்து குழுமினர். உறைந்த பனித்தளத்தின்மேல், வெறும் டியூபா இனமே கூடிக் கிறித்துமஸ் பாடல்களை இசைத்தது. அவ்வளவு பெட்டிகளும் அந்நகரத்துப் படிகளிலும் மின்தூக்கிகளிலும் சுரங்க இரயிலிலும் எவ்வாறு ஏறி இறங்கினவோ! அன்று அங்கே, குழல் கற்றிருக்கலாமே என்று கேட்க ஒருவர் வந்திருந்தால், அவரே சிறுபான்மையோராய் நின்றிருப்பார்.